சூரியகாந்தித் துருவும் ஒரு பழைய வேட்டியும்

சூரியகாந்தி இலையின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் தடவிப் பாருங்கள். துணியில் செம்பழுப்பாகப் பொடி ஒட்டினால் அது துரு நோய். ஒட்டாமல் கரும்பழுப்பு வட்டமாக, ஓரத்தில் மஞ்சள் வளையத்தோடு காய்ந்து போயிருந்தால் அது வேறு, ஆல்டர்னேரியா இலைப்புள்ளி. இலையின் மேல்பக்கம் வெண்பொடி பூசினாற்போல இருந்தால் சாம்பல் நோய். மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றல்ல. இந்தத் துணிச் சோதனையைச் செய்யாமல் மருந்துக்கடைக்குப் போகக் கூடாது என்பதுதான் இந்த அனுபவத்தில் நான் முதலில் சொல்ல விரும்புவது.

எங்கள் வீடு திருவையாற்றுப் பக்கம், காவிரிப் படுகையை ஒட்டி. கொல்லையில் மார்கழிப் பட்டத்தில் சூரியகாந்தி விதைத்திருந்தேன். இரண்டே வரிசை, எண்ணெய்க்காக இல்லை, தேனீ வரட்டும் என்று. வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை வீட்டுச் செவ்வந்திப் பாத்தி. அத்தை கதம்பம் கட்டி விற்பவர், அந்தப் பாத்திதான் அவருக்குத் தினப்படி வருமானம். தை பிறந்து செடி இடுப்பளவு வந்தபோது, கீழ் இலைகளில் குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். துணியால் தடவினேன், பொடி ஒட்டியது.

அத்தை வேலியோரம் வந்து பார்த்தார். "ஏன் தம்பி, இதுவும் செவ்வந்தியும் ஒரே சாதிதானேப்பா. என் செடிக்குத் தாவிடாதா? எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுடேன்" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சூரியகாந்தி, செவ்வந்தி, கேந்தி, கரிசலாங்கண்ணி, வாய்க்கால் கரையெல்லாம் மண்டிக் கிடக்கும் மூக்குத்திப்பூ, பார்த்தீனியம் எல்லாமே ஒரு குடும்பம். ஒரு பூ என்று நாம் பறிப்பது உண்மையில் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் ஒரு தட்டில் நெருங்கி உட்கார்ந்த கூட்டம். அதுதான் இந்தக் குடும்பத்தின் அடையாளம். ஒரே குடும்பத்துக்குள் நோய் பரவும் என்று நினைப்பது இயல்பு. "கொஞ்ச நாள் பொறுங்க அத்தை, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். பிடுங்குவதற்கு முன்னால் இந்தப் பூஞ்சை எதைத் தின்னும், எதைத் தின்னாது என்று என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் வேலை கிட்டே போய்ப் பார்ப்பது. செல்லோ டேப்பைக் கொப்புளத்தின் மேல் மெதுவாக ஒற்றி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டினேன். என்னிடம் இருப்பது ஃபோல்ட்ஸ்கோப், ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் வடிவமைத்த காகித நுண்ணோக்கி. சுமார் 140 மடங்கு பெருக்கிக் காட்டும். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் பொடி முழுக்க உருண்டை உருண்டையாக, பொன்பழுப்பு மணிகள். இவைதான் யூரிடோ ஸ்போர்கள், துருப் பூஞ்சை பரவுவதற்கு விதை போல உதிர்ப்பவை. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு இருக்கும். தெரிந்த ஆசிரியர் ஒருவர் பள்ளி ஆய்வகத்தில் 400 மடங்கு மைக்ரோஸ்கோப்பில் பார்க்க இடம் கொடுத்தார். அங்கேதான் சுவரின் மேல் இருக்கும் முட்கள் தெரிந்தன. மணியின் விளிம்பைச் சுற்றி வரிசையாக, மிக நுண்ணிய முள். நுண்குமிழைத் திருகி மேலும் கீழும் நகர்த்தினால் முட்கள் தோன்றி மறையும். அந்த ஒரு மணியை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே கொப்புளத்தில் இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கும், ஒரு இலையில் நூற்றுக்கணக்கில் கொப்புளம்.

இதன் பெயர் பக்சீனியா ஹீலியாந்தி. 1822-இல் அமெரிக்காவில் ஷ்வைனிட்ஸ் என்ற பாதிரியார் விவரித்துப் பெயர் வைத்தது. சூரியகாந்தியே வட அமெரிக்கச் செடிதான், நோயும் அதன் கூடவே வளர்ந்தது. கோதுமைத் துருவுக்கு வாழ்நாளை முடிக்க இரண்டு வகைச் செடி தேவை, இதற்கு ஒன்றே போதும். ஐந்து வகை ஸ்போர்களையும் சூரியகாந்தியிலேயே முடித்துக்கொள்ளும். அதில் முதல் கட்டத்தில் இலையின் மேல் சின்னத் தேன்துளி போல ஒன்று சுரக்கும். அது எதற்கு என்று நூறு வருடமாக யாருக்கும் புரியவில்லை. 1927-இல் கனடாவின் வின்னிபெக்கில் கிரேகி என்பவர் இதே சூரியகாந்தித் துருவை வைத்துத்தான் கண்டுபிடித்தார்: ஒரு புள்ளியின் தேனை எடுத்து இன்னொரு புள்ளியில் கலந்தால்தான் அடுத்த கட்டம் உருவாகிறது. அதாவது பூஞ்சையின் இனச்சேர்க்கை அது. ஈக்கள் தேனைக் குடிக்க வந்து புள்ளிக்குப் புள்ளி கலந்துவிட்டுப் போகின்றன. பூவுக்குத் தேனீ செய்வதை, இலையில் நோய்க்கு ஈ செய்கிறது. இந்தக் கட்டத்தை என் கொல்லையில் எவ்வளவு தேடியும் பார்க்க முடியவில்லை. என் செடிகளில் இருந்தது யூரிடோ கட்டம் மட்டுமே, ஸ்போரிலிருந்து நேராக ஸ்போர். வடக்கே கொள்ளிடத்துக்கு அப்பால் மேட்டு நிலத்தில் எங்காவது யாராவது சூரியகாந்தி போட்டிருப்பார்கள்; காற்றுக்கு அந்தத் தூரம் ஒன்றுமே இல்லை. கோதுமைத் துருவின் ஸ்போர்கள் நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் கோடையைக் கழித்துவிட்டு வடக்கே சமவெளிக்குப் போகின்றன என்று ஆக்ராவில் இருந்த கே.சி. மேத்தா பல்லாண்டு உழைத்து நிறுவியிருக்கிறார். அதோடு ஒப்பிட்டால் என் கொல்லைக்குத் துரு வந்த தூரம் பக்கத்துத் தெரு.

சரி, அடுத்தது ஸ்போரை முளைக்க வைப்பது. மற்ற பூஞ்சைகளை உருளைக்கிழங்குக் கஞ்சியும் அகாரும் சேர்த்த தட்டில் வளர்த்துவிடலாம். துரு அப்படி வளராது. உயிருள்ள செல்லுக்குள் உறிஞ்சுறுப்பை நுழைத்து அங்கிருந்துதான் சாப்பிடும், செல் செத்தால் அதுவும் பட்டினி. ஆனால் முளைப்பதற்கு மட்டும் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் போதும். ஒரு டிபன் பாக்ஸில் ஈரப் பஞ்சைப் பரப்பி, அதன் மேல் இரண்டு குச்சி வைத்து, குச்சி மேல் கண்ணாடித் தகடு. தகட்டில் ஒரு சொட்டு மழைநீர். ஓவியம் வரையும் மெல்லிய பிரஷ்ஷால் கொப்புளத்தைத் தொட்டு, சொட்டின் மேல் ஒரு தட்டு. மூடியை மூடி இரவு முழுக்கத் திண்ணை மூலையில் வைத்தேன்.

காலையில் பார்த்தால் சொட்டின் ஓரத்தில் தனித்தனியாகக் கிடந்த ஸ்போர்கள் எல்லாம் முளைவிட்டிருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் நிறமில்லாத நீளக் குழாய், ஸ்போரின் அகலத்தைப் போலப் பல மடங்கு. உள்ளே இருந்த பொன்நிறம் குழாயின் நுனிக்கு நகர்ந்துபோய், ஸ்போர் வெறும் கூடாக நின்றது. நடுவில் குவியலாக விழுந்த இடத்தில் மட்டும் அநேகமாக ஒன்றும் முளைக்கவில்லை. தண்ணீர் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இதற்குக் காரணம் ஸ்போர்களிடமே இருக்கிறது: முளைப்பைத் தடுக்கும் ஒரு வேதிப்பொருளை அவை சுமந்து வருகின்றன. கூட்டமாக இருந்தால் அந்தப் பொருள் தண்ணீரில் செறிந்து எல்லோரையும் நிறுத்திவைக்கும். தனியாகப் பறந்து விழுந்தால் அது கரைந்து நீர்த்துப்போகும், முளைக்கலாம். கொப்புளத்துக்குள்ளேயே பனி பட்டு முளைத்து வீணாகாமல் இருக்க இந்த ஏற்பாடு. செடிக்கு நோய் கொடுத்துப் பார்க்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பொடியை அப்பினால் நோய் வராது, லேசாகத் தூவ வேண்டும்.

இனி அத்தையின் கேள்விக்கு வருவோம். பால் கவரில் மண் நிரப்பிச் சூரியகாந்திக் கன்றுகள் தனியாக வளர்த்தேன். அவற்றோடு அத்தை கொடுத்த செவ்வந்திப் பதியன், கேந்தி, மூக்குத்திப்பூ, மஞ்சள் கரிசலாங்கண்ணி, வாய்க்கால் மேட்டிலிருந்து பிடுங்கி வந்த மருளூமத்தை, அதுவும் இதே குடும்பம்தான். எல்லாவற்றையும் வீட்டின் முன்பக்கத் திண்ணையில் வைத்தேன், கொல்லையிலிருந்து ஸ்போர் வந்து கணக்கைக் குழப்பக் கூடாது என்று. மாலையில் இலைகளின் இரண்டு பக்கமும் மென்தெளிப்பானால் நனைத்து, பிரஷ்ஷால் பொடியைத் தூவி, ஒவ்வொரு செடிக்கும் பாலிதீன் பையைக் கவிழ்த்து ரப்பர் பேண்டு போட்டேன். விடிந்ததும் பைகளை எடுத்துவிட்டேன். பொடி தூவாமல் தண்ணீர் மட்டும் தெளித்துப் பை மூடிய சூரியகாந்தி ஒன்றும் கூடவே இருந்தது, ஒப்பிடுவதற்கு.

மறுநாள் காலை செவ்வந்தி இலையில் டேப் ஒற்றிப் பார்த்தேன். அங்கேயும் ஸ்போர் முளைத்திருந்தது! குழாய் நீண்டு இலையின் மேல் ஊர்ந்திருந்தது. அத்தையிடம் என்ன சொல்வது என்று கவலையாகிவிட்டது. ஆனால் முளைப்பது வேறு, உள்ளே குடியேறுவது வேறு. குழாய் இலைத்துளையைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் வீங்கி உட்கார்ந்து, உள்ளே இறங்கி, செல்லுக்குள் உறிஞ்சுறுப்பை நுழைத்து, செடியின் எதிர்ப்பைச் சமாளித்து வாழ வேண்டும். இதில் ஏதாவது ஒரு படியில் பொருந்தாத செடி அதை நிறுத்திவிடும்.

ஒரு வாரம் தாண்டியதும் சூரியகாந்திக் கன்றுகளில் வெளிறிய புள்ளிகள் தெரிந்தன. இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால்தான் தெரியும். அடுத்த சில நாளில் அந்தப் புள்ளிகளின் நடுவே இலைத்தோல் கீறி, ஓரம் கிழிந்த சின்ன வாய் மாதிரி திறந்து, உள்ளிருந்து பொடி எட்டிப் பார்த்தது. செவ்வந்தி, கேந்தி, மூக்குத்திப்பூ, கரிசலாங்கண்ணி எதிலும் ஒரு கொப்புளமும் இல்லை. மருளூமத்தையிலும் இல்லை. தண்ணீர் மட்டும் தெளித்த சூரியகாந்தியும் சுத்தமாக இருந்தது. மாதக்கணக்கில் வைத்திருந்தும் மற்ற செடிகளில் எதுவும் வரவில்லை.

துரு இனத்தில் பலவும் இப்படித்தான், தன் செடியை மட்டுமே அறியும். அதனால்தான் களைகளை அழிக்க வேண்டுமென்றே இவற்றை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகிறார்கள். பார்த்தீனியத்தைத் தாக்கும் துருவை மெக்சிகோவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கேரளத்தில் தோட்டங்களை மூடும் மைக்கேனியா கொடிக்காக டிரினிடாட்டிலிருந்து வந்த ஒரு துருவை 2005, 2006 வாக்கில் அசாமிலும் கேரளத்திலும் வெளியிட்டார்கள். அதுவும் இதே பூக்குடும்பத்துக் கொடிதான். இங்கே அந்தத் துரு நிலைக்கவில்லை, தைவானிலும் பாப்புவா நியூ கினியிலும் நிலைத்துவிட்டது. இப்படி வெளியிடுவதற்கு முன்னால் நான் திண்ணையில் செய்த இதே சோதனையைத்தான், பல பயிர்களை வைத்து, பூட்டிய கண்ணாடிக் கூடத்தில் செய்கிறார்கள். இந்த ஒரு செடி விசுவாசம் முழுக்க இரும்பு விதி என்று சொல்லிவிடவும் முடியாது. மருளூமத்தையைத் தாக்கும் துரு, ஆஸ்திரேலியாவில் சூரியகாந்தியிலும் ஏறிய பதிவு இருக்கிறது. அது வேறு துரு, என் கொல்லையில் இருந்தது அல்ல.

"உங்க செவ்வந்திக்கு இதால ஆபத்து இல்ல அத்தை" என்று சொல்லி, கன்றுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் செவ்வந்திப் பதியனின் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். செவ்வந்திக்கும் தனியாகத் துருக்கள் உண்டு என்பதையும் சொன்னேன். ஒன்று பழுப்புத் துரு. இன்னொன்று ஜப்பானிலிருந்து உலகமெங்கும் போன வெள்ளைத் துரு, பல நாடுகள் அதற்காகவே செவ்வந்திக் கன்றுகளைச் சோதித்து உள்ளே விடுகின்றன. அது குளிரை விரும்புவது. வெளியூரிலிருந்து புதுப் பதியன் வாங்கினால் இலையின் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அடுத்தது என் செடிகள். மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது: இலை நனைந்திருக்க வேண்டும், அதுவும் தொடர்ந்து பல மணி நேரம். இன்னொரு சூரியகாந்திக் கன்றில் பையை ஒரு மணி நேரத்திலேயே எடுத்துவிட்டுப் பார்த்தேன், அதில் நோய் ஒட்டவில்லை, இரவு முழுக்க மூடிய கன்றில் இலை நிறையக் கொப்புளம். டெல்டாவில் தை மாதம் மழை இல்லை. ஆனால் "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. மேட்டூரை ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம், அதுவரை வாய்க்காலில் தண்ணீர் ஓடும், சுற்றிலும் சம்பா வயலின் ஈரம். இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். துரு முளைப்பதற்கு இதைவிடத் தோதான வெப்பம் கிடையாது. நள்ளிரவுக்கு முன்பே இலை நனையத் தொடங்கி, காலை எட்டு மணி வெயில் வந்தால்தான் காய்கிறது.

அப்படியானால் பனியைத் தடுக்க முடியுமா? பனி வானத்திலிருந்து விழுவதில்லை. இலை தன் சூட்டைத் திறந்த வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிகிறது. மரத்தடியில் நிறுத்திய சைக்கிள் சீட் நனையாமலும், வாசலில் நிறுத்தியது நனைந்தும் இருப்பது இதனால்தான். இலைக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு மறைப்பு இருந்தால் போதும்.

ஒரு வரிசையில் பாதிக்கு மட்டும் மூங்கில் கழி நட்டு, மேலே அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியைக் கட்டினேன். செடி உயர உயர, கழியில் வேட்டி கட்டிய இடத்தையும் உயர்த்திக்கொண்டே போக வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்ததும் விரிப்பது, விடிந்ததும் சுருட்டுவது. பகலில் மறைத்தால் சூரியகாந்தி வளராது. இன்னொரு பாதி திறந்த வெளியில். விடியற்காலை டார்ச்சோடு போய் டிஷ்யூ பேப்பரை இலைகளில் ஒற்றிப் பார்ப்பேன். திறந்த பக்கம் பேப்பர் சொட்டச் சொட்ட நனையும். வேட்டிக்கு அடியில் நடுச்செடிகளில் பேப்பர் உலர்ந்தே வரும், ஓரச் செடிகளில் வெளிப்பக்க இலைகள் மட்டும் லேசாக ஈரம். வேட்டியைப் பிழிந்தால் தண்ணீர் ஓடும், அத்தனை பனியையும் அது வாங்கியிருந்தது.

முதலில் எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டு பக்கமும் கொப்புளம் ஒரே மாதிரி வெடித்துக்கொண்டிருந்தது. இதில் சோர்ந்துவிடக் கூடாது. ஏற்கெனவே உள்ளே போன பூஞ்சைக்குப் பனி தேவையில்லை, அது உள்ளிருந்து வளர்ந்து ஒரு வாரம் பத்து நாள் கழித்து வெளியே வரும். வேட்டி எதையும் குணப்படுத்துவதில்லை. பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு விரிந்த புது இலைகளை. மாசி நடுவில் அந்த வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. திறந்த பக்கம் துரு ஏணி ஏறுவது போல இலை இலையாக மேலே போய், பூவுக்கு அடியிலிருக்கும் இலைகளையும் பிடித்துவிட்டது. வேட்டிப் பக்கம் நடு இலைகளோடு நின்றது, மேல் இலைகளில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். விதையை நிரப்புவது மேல் இலைகள்தான் என்பதால் இது சின்ன விஷயமில்லை. திறந்த பக்கத் தட்டுகளின் நடுவில் பதர் அதிகம், வேட்டிப் பக்கத் தட்டுகளில் நடுவரை பருப்பு.

வயல் அளவில் யாரும் வேட்டி கட்ட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அதே தத்துவம் வயலுக்கும் பொருந்தும். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 என்று இடைவெளி விட்டால் காலைக் காற்று உள்ளே போய் இலை சீக்கிரம் காயும். தண்ணீரைக் காலையில் வேரில் விட வேண்டும், மாலையில் இலை மேல் பீய்ச்சினால் நனைந்த நேரத்தை நாமே நீட்டிக் கொடுத்ததாகிவிடும். மண்ணை ஒட்டிய கீழ் இலைகளில் முதல் கொப்புளம் தெரிந்ததுமே கிள்ளிப் பையில் போட்டுக் கட்டி, கொளுத்திவிட வேண்டும். கிள்ளுவதை வெயில் ஏறிய பிறகு செய்யக் கூடாது. அப்போது பொடி பறக்கும். பனி ஈரத்தோடு இருக்கும்போது கிள்ளினால் பொடி இலையோடு ஒட்டிக்கொண்டு வரும். நெல்லில் கூண்டுப்புழுவுக்குக் கயிறு இழுப்பது போல விடியலில் கயிற்றை இழுத்துப் பனியை உதிர்க்கலாமே என்று பக்கத்து வயல்காரர் ஒருவர் கேட்டார். துரு இருக்கும் செடியில் அதைச் செய்தால் கயிறே ஸ்போரை வரிசை முழுக்கத் தடவிக்கொண்டு போகும். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

மருந்து என்றால் மேங்கோசெப், லிட்டருக்கு 2 கிராம். இது இலையின் மேல் இருந்து புதிதாக முளைக்கும் ஸ்போரைத் தடுக்கும், உள்ளே போனதை ஒன்றும் செய்யாது. ஆகையால் முதல் கொப்புளத்தோடு அடிக்க வேண்டும், இலையெல்லாம் பழுத்த பிறகு அடிப்பது காசுக்குக் கேடு. இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். பூ விரிந்துவிட்டால் நான் எதையும் அடிக்க மாட்டேன். சூரியகாந்திக்கு மணி பிடிக்கத் தேனீ வேண்டும், தேனீ குறைந்தால் காலையில் மெல்லிய துணியால் பூத்தட்டைத் தேய்த்து மகரந்தம் மாற்ற வேண்டிவரும்.

பங்குனி வெயில் ஏறியதும் துரு தானாக அடங்கியது. இரவில் பனி இல்லை. பழைய இலைகளில் செம்பழுப்புக் கொப்புளங்கள் கறுத்துப்போய், துணியால் தடவினால் பொடி ஒட்டாமல் இறுகிக் கிடந்தன. ஊசியால் சுரண்டி ஆய்வகத்தில் பார்த்தேன். இப்போது இரண்டு அறை கொண்ட தடித்த ஸ்போர்கள், ஒவ்வொன்றுக்கும் நிறமில்லாத நீளக் காம்பு. இவை டீலியோ ஸ்போர்கள். குளிர்நாட்டில் பனிக்காலத்தைத் தாண்டி அடுத்த வருடத்துக்கு நோயை எடுத்துப்போவது இவைதான். தண்டு, இலை எல்லாவற்றையும் அறுத்து அப்படியே கொளுத்திவிட்டேன், குப்பைக்குழியில் போடவில்லை.

நம் ஊரில் நோயை அடுத்த பட்டத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் தானாக முளைத்த செடிகள்தான். கிளிகள் தட்டைக் கொத்தி, தின்றது பாதி, வேலியோரம் சிந்தியது பாதி. சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தால் போதும், அத்தனையும் முளைத்துவிடும். பச்சை இலை இருக்கும்வரை யூரிடோ ஸ்போருக்கு வீடு இருக்கிறது. வேலியோரமும் வாழைக்கட்டைக்கு இடையிலும் முளைத்தவற்றைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். அத்தை பக்கம் முளைத்தவற்றை அவரே பிடுங்கி வேலிக்கு மேலாக என்னிடம் கொடுத்துவிடுகிறார், கொடுக்கும் முன் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு.